"பெப்சி பாசி"யை எந்தப் பெயரில் தேடுவது? நூலகர் வேலை பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "விலங்கியல் பட்டம் முடித்திருக்கிறேன் சார். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். நூலக அறிவியல் படிக்க ஆசை. வீட்டில், 'எல்லாம் போன்லயே வருது, இப்ப ஏஐ வேற வந்துருச்சு, புத்தகம் எடுத்துக் குடுக்குறதுக்கு யாரு சம்பளம் தருவா'ன்னு கேக்குறாங்க. பத்து வருஷம் கழித்து இந்த வேலை இருக்குமா? நம்ம கடற்கரை ஊர்களில் இதற்கு என்ன தேவை?"

தாராளமாகப் படியுங்கள் அம்மா. ஆனால் உங்கள் வீட்டில் சொல்வதில் பாதி சரி. புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை குறைந்துவிட்டது, இன்னும் குறையும். நான் 31 வருடம் இந்தக் கரையில் இருந்தவன். முதலில் கிளை நூலகம், பிறகு கல்லூரி நூலகம். 1990களில் காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். வேலைவாய்ப்புச் செய்தி பார்க்க, தேர்வு முடிவு பார்க்க, ரயில் நேரம் கேட்க. அந்தக் கூட்டம் இனி வராது, வர வேண்டியதும் இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதர் உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மீன்பிடித் தடைக்காலம் முழுக்க எங்கள் வாசிப்பறை நிறைந்திருக்கும். இப்போது அந்த நாட்களிலும் பாதி நாற்காலி காலிதான்.

போனால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது. ஒரு பொருளுக்கு என்ன பெயர், அது எதோடு சேரும், அதைத் தேடி வருகிறவர் என்ன சொல்லைச் சொல்லிக் கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைப்பது. எங்கள் தொழிலில் அதைப் பட்டியலிடுதல் என்போம். கேட்கச் சின்ன வேலை போலத் தோன்றும். உங்கள் அம்மாவின் தொழிலிலிருந்தே காட்டுகிறேன்.

கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசிக்கு நம்மூரில் 'பெப்சி பாசி' என்று பெயர். 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இங்கே அதை வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். புத்தகத்தில் அதற்கு கப்பாபைகஸ் ஆல்வரேசி என்று பெயர். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி கல்லூரி நூலகக் கணினியில் 'பெப்சி பாசி' என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. 'பாசி வளர்ப்பு' என்று தட்டினாள். அக்வாரியப் பாசி பற்றி ஒரு சின்னப் புத்தகம் வந்தது. 'இல்லைபோல சார்' என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், பக்கத்து அறை இரும்பு அடுக்கில், மிதவை முறையில் அந்தப் பாசியை வளர்ப்பது பற்றி மூன்று அறிக்கைகள் இருந்தன. மூன்றும் ஆங்கிலத் தலைப்பில், லத்தீன் பெயரில் பதிவானவை.

கணினிக்கு முன்னால், புத்தகத்துக்கு ஓர் அட்டை எழுதி இழுப்பறைப் பெட்டியில் அடுக்கிய காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஓர் அட்டையில் 'பெப்சி பாசி: காண்க, கப்பாபைகஸ்' என்று ஒரே ஒரு வரி எழுதி, ப வரிசையில் செருகிவிடுவோம். அந்த 'காண்க' அட்டைதான் வாசகர் வீட்டில் பேசுகிற பேச்சையும் புத்தகத்தின் பேச்சையும் கோத்துவிடுகிற நூல். கணினி வந்தபோது புத்தக அட்டைகளை எல்லாம் ஏற்றினார்கள். 'காண்க' அட்டைகளைப் பல இடங்களில் ஏற்றவில்லை. கணினியே தேடிக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை. தட்டிய எழுத்தைத்தான் அது தேடும். 'ஆவுளியா' என்று தட்டினால் கடற்பசு பற்றிய புத்தகம் வராது, 'கடற்பசு' என்று தட்டினால் 'டுகாங்' வராது. மூன்றும் ஒரே உயிர் என்பது கடலுக்குப் போகிறவருக்குத் தெரியும், விலங்கியல் படித்த உங்களுக்கும் தெரியும். அதைக் கணினிக்கு எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

ஏஐ இதைத் தானாகப் புரிந்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். ஓரளவு புரிந்துகொள்கிறது. முன்பு சரியான எழுத்தைத் தட்டினால்தான் விடை. இப்போது சுற்றி வளைத்துக் கேட்டாலும் கிட்டத்தட்ட எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, அது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் அது கற்றதெல்லாம் யாரோ எங்கேயோ எழுதி வைத்ததிலிருந்துதான். பாம்பன் சின்னப்பாலத்தில் பெண்கள் ஒரு பாசிக்கு வழங்குகிற பெயரை இதுவரை யாரும் எழுதவில்லை என்றால், உலகத்தில் உள்ள எந்த இயந்திரத்துக்கும் அது தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினாலாவது பரவாயில்லை.

பல நேரம் அது நிறுத்துவதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு என் மேசைக்கு ஒரு புது வகைக் கேள்வி வரத் தொடங்கியது. ஒரு மாணவர் சேதுபதிகள் காலத்துத் துறைமுகங்கள் பற்றி எழுத ஐந்து புத்தகப் பட்டியலோடு வந்தார். ஆசிரியர் பெயர், பதிப்பகம், வருடம் எல்லாம் கச்சிதம். இரண்டு கிடைத்தன. ஒன்று வேறு ஆசிரியர் எழுதியது. மீதி இரண்டை எங்கள் பட்டியலில் தேடினேன், சென்னை கன்னிமாரா நூலகப் பட்டியலில் தேடினேன், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடினேன். அப்படி நூல்களே இல்லை. இருக்கக்கூடிய ஆசிரியர், இருக்கக்கூடிய தலைப்பு, இருக்கக்கூடிய வருடம்; மூன்றையும் சேர்த்து இயந்திரம் கட்டிக் கொடுத்திருந்தது. அந்தப் பையன் இரண்டு நாள் அலைந்திருக்கிறான். பதிப்பு விவரத்தைச் சரிபார்ப்பது, ஒரு நூல் உண்மையிலேயே அச்சானதா என்று நாலு பட்டியலில் ஒத்துப் பார்ப்பது, எந்தக் கூற்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவது இவையெல்லாம் எங்கள் பழைய வேலைகள்தான். இப்போது இவற்றுக்குத் தேவை பல மடங்கு கூடியிருக்கிறது. நீங்கள் வேலைக்குச் சேரும்போது இன்னும் கூடியிருக்கும்.

பெயர் வைக்கிற வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொன்று. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போட, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் உலகத்தில் ஏராளமான நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு எண் 820. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சங்கப் பாட்டு தொடங்கி இன்றைய நாவல் வரைக்கும் அந்த ஆறு இலக்கத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். புத்தக முதுகில் ஒட்டுகிற சீட்டில் இடம் போதாது. நான் இரண்டு வரியாக மடக்கி எழுதுவேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்தபோது அதில் தமிழுக்கு 31 என்று இரண்டே இலக்கம் போட்டார். யார் பெயர் வைக்கிறார்களோ அவர்கள் நிற்கிற இடத்திலிருந்துதான் உலகம் அடுக்கப்படுகிறது. கணினி வந்தபோதும் இது மாறவில்லை, ஏஐயிலும் மாறவில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பார்கோடு, ஆர்எஃப்ஐடி, தானே புத்தகம் பதிந்துகொள்ளும் இயந்திரம் இதெல்லாம் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். நூலகப் பட்டியலையும் புத்தகப் பரிமாற்றத்தையும் நடத்துகிற கோஹா என்ற மென்பொருளைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலக அமைப்பு, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகளில் தேதி குழம்பும் என்ற சிக்கலைத் தங்கள் பழைய கணினி தாங்காது என்று பயந்து செய்வித்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் நன்கொடை. இலவசம், மூலநிரல் திறந்தது, தமிழிலும் வேலை செய்யும். அதே வேலைக்கு, அரசு நூலகங்கள் பக்கம் போனால் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா, பல்கலைக்கழகங்களில் இன்ஃப்லிப்நெட்டின் சோல். ஒன்று தெரிந்தால் மற்றது வந்துவிடும்.

தமிழ்த் தரவில் ஒரு பெரிய குழி இருக்கிறது, அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். பல ஆயிரம் தமிழ்ப் புத்தகங்களை பாமினி எழுத்துருவில் ஏற்றியிருந்தார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த முறை. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பழைய கணினி பழுதாகிப் புதியது வந்தபோது எழுத்துருவை ஏற்ற மறந்துவிட்டார்கள். பட்டியல் முழுக்கப் பூச்சி மாதிரி எழுத்து. பொறுப்பில் இருந்தவர் தரவு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒருங்குறிக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு, மாற்றியிருக்கலாம். மாற்றிகள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. நான் போய்ப் பார்த்தபோது காகிதச் சேர்க்கைப் பதிவேடு மட்டும் மிச்சம். இரண்டு பெண்கள் ஏழு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி ஏற்றினார்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு முந்தைய எந்தத் தமிழ்க் கோப்பையும் கையில் எடுத்தால், முதலில் எழுத்துரு என்ன என்று கேளுங்கள்.

இனி நம் கரைக்கே உரிய சங்கதி: உப்புக்காற்று. மதுரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் புரியாது. 1970களின் ஒரு சிற்றிதழை விரித்தால் நடுவில் ஸ்டேப்ளர் பின் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். பின் துருவாகி உதிர்ந்திருக்கும், துரு காகிதத்தைத் தின்றிருக்கும். ஐந்து வருடம் ஓட வேண்டிய கணினி மூன்று வருடத்தில் நிற்கும். 2000களில் பலரும் குறுந்தகடுதான் நிரந்தரம் என்று நம்பி எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்தார்கள். நானும் வைத்தேன். ஒரு நாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்; வெள்ளிப் பூச்சில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள், அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது. அதில் ஊர்ப் பெரியவர்கள் 1964 புயல் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகள் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. பேசியவர்களில் இன்று ஒருவரும் இல்லை. அந்தத் தவறு என்னுடையது, இன்னும் மனசில் கிடந்து அறுக்கிறது.

அதனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எதை மின்னாக்கம் செய்தாலும் மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று கடற்கரையை விட்டு வேறு ஊரில். பக்கங்களைக் குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்து, மூலத்தை டிஃப் கோப்பாக வையுங்கள், படிக்க பிடிஎஃப் தனியே. வருடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் யார், என்ன, எப்போது, எந்த மொழி, யாருக்கு உரிமை என்ற விவரம் கூடவே இருக்கட்டும். டப்ளின் கோர் என்று 15 தலைப்புகளில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது, அதுவே நம் தேவைக்குப் போதும். விவரம் இல்லாத ஸ்கேன் கோப்பு ஆயிரம் இருந்தாலும் அது மூட்டையில் கட்டிய காகிதம்தான்.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. மன்னார் வளைகுடாவின் மீன், முத்து, சங்கு, பாசி பற்றி அங்கிருந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். அவற்றைப் பார்க்க முன்பு அனுமதிக் கடிதம் வாங்கி நேரில் போக வேண்டும். இன்று அந்த நிறுவனம் ஈபிரிண்ட்ஸ் என்ற மென்பொருளில் தன் வெளியீடுகளைத் திறந்து வைத்திருக்கிறது. தொண்டியில் உட்கார்ந்து போனில் படிக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. எங்கள் காலத்தில் ஒரே ஓர் ஆய்விதழுக்குச் சந்தா கட்ட வருடம் முழுக்கக் கெஞ்ச வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் ஆங்கிலத்தில், லத்தீன் பெயர்களில் இருக்கின்றன. இங்கே பிடிக்கிற மீனைப் பற்றி, இங்கே எடுக்கிற பாசியைப் பற்றி, இங்கேயே உட்கார்ந்து எழுதியது, இங்கே இருப்பவருக்கே எட்டவில்லை. விலங்கியல் படித்த, அம்மாவின் பேச்சு தெரிந்த ஒரு நூலகர் அந்தக் கட்டுரைகளில் நூறுக்குத் தமிழில் ஐந்து வரிச் சுருக்கமும் ஊர்ப் பெயர்களும் எழுதிப் பட்டியலில் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட 'என்ன தேவை'க்கு என் பதில் இதுதான். சென்னையில் உட்கார்ந்திருக்கும் எவ்வளவு பெரிய நூலகராலும் இதைச் செய்ய முடியாது.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு பெருஞ்செல்வம் கிடக்கிறது: அரபுத்தமிழ். தமிழைத்தான் அரபு எழுத்தில் எழுதியிருப்பார்கள். பாட்டு, மருத்துவம், மார்க்க விளக்கம். பாட்டிமார்கள் படிப்பார்கள், பேத்திகளுக்குத் தெரியாது. அச்சுத் தமிழை எழுத்துணரி மென்பொருள் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாகத் தருவது) இன்று நன்றாகவே படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் பழைய ணை, லை, றா, னா வந்த இடங்களில் தடுக்கி விழும், திருத்திக்கொள்ளலாம். அரபுத்தமிழை அதனிடம் கொடுத்தால் அரபு என்று நினைத்துப் பொருளில்லாமல் எதையோ தரும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே உடன் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசி நிறையக் கிடைக்கிற இடம் எது என்று உங்கள் அம்மா நம்பிச் சொன்னால் அது அவர் பிழைப்பு. பெயரைப் பதியலாம், பருவத்தைப் பதியலாம். இடத்தைப் பொதுவில் வைக்க அவர் சம்மதம் வேண்டும். வாசகர் யார் என்ன புத்தகம் எடுத்தார் என்ற விவரமும் அப்படித்தான். பதிவேட்டில் இருந்தவரை அது பீரோவுக்குள் இருந்தது. கணினியில் ஒரு சொடுக்கில் வெளியே போய்விடும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. பதிப்புரிமை: ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. பாதுகாப்புக்காக நூலகம் தன் கையிருப்பு நூலுக்கு மின்பிரதி எடுத்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது, அதை ஊருக்கெல்லாம் அனுப்ப இடமில்லை. நாட்டுடைமையான நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றில் 2,000க்கு மேல் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏறிக் கிடக்கின்றன, மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். படிக்கும்போதே அதில் பத்துப் பக்கம் திருத்திப் பழகுங்கள்.

வேலை விஷயம். இளநிலை நூலக அறிவியல் ஒரு வருடம், முதுநிலை இன்னொரு வருடம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம். பொது நூலகத் துறை, அரசுப் பணிகளுக்குத் தேர்வாணையம் தேர்வு வைக்கும். கல்லூரி நூலகர் ஆக முதுநிலையோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆய்வு நிறுவனங்கள், ஆவணக் காப்பகங்கள், மின்னாக்கத் திட்டங்கள் எல்லாம் இன்று தரவை ஒழுங்குபடுத்தத் தெரிந்த ஆளைத் தேடுகின்றன. விலங்கியலும் நூலக அறிவியலும் தமிழும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அம்மா கரையேறி, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, டீ குடித்து முடித்த பிறகு, தெரிந்த பாசிப் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பக்கத்துக்கு ஒரு பாசி. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அடுத்த வீட்டு அத்தை வேறு பெயர் சொன்னால் அதையும் அதே பக்கத்தில், யார் சொன்னது என்று குறித்து. எதற்குப் பயன், எந்த மாதம், பார்க்க எப்படி. பிறகு உங்கள் பாடப் புத்தகத்தை வைத்து அறிவியல் பெயர் தேடுங்கள். சிலவற்றுக்குக் கிடைக்காது, அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஒரே பெயரை இரண்டு பாசிக்குச் சொல்லியிருப்பார்கள், ஒரே பாசிக்கு மூன்று பெயர் வந்திருக்கும். அங்கே வந்து நிற்கும்போது நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது, எதற்கு 'காண்க' போடுவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.